பாலில் கொழுப்பும் சர்க்கரையும்: பிரித்தலும் விலையும்

பால் கண்ணுக்கு ஒரே பொருளாகத் தோன்றினாலும் வாணிபத்தில் அது ஒரே பொருளாக என்றும் இருந்ததில்லை. கறந்த பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். நெய்யோ பல மாதம் கெடாது. ஆகவே குளிரூட்டும் வசதியும் விரைவான போக்குவரத்தும் இல்லாத காலத்தில் இந்தியக் கிராமங்களிலிருந்து வெளியூர் சென்றது பெரும்பாலும் பாலன்று, நெய்யே ஆகும். பாலை உறைய வைத்து, தயிரைக் கடைந்து, வெண்ணெயை உருக்கி, நெய்யைச் சந்தைக்கு அனுப்பினர். மோர் வீட்டில் தங்கியது. விலை பெற்ற பகுதி ஊரைவிட்டு வெளியேறிற்று. விலை பெறாத பகுதி உழவர் குடும்பத்தின் உணவாயிற்று. பாலின் எந்தப் பகுதிக்கு விலை உண்டு, எந்தப் பகுதிக்கு இல்லை என்ற இந்தக் கேள்வியே, மத்தும் பானையும் போய் எந்திரங்கள் வந்த பின்னரும், பால் உற்பத்தியாளரின் வருவாயை நிர்ணயித்து வருகிறது.

பசும்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். எஞ்சியதில் கொழுப்பு 4 பங்கு, பால் சர்க்கரை 4.7 பங்கு, புரதம் 3.3 பங்கு, தாது உப்புகள் 0.7 பங்கு எனக் கொள்ளலாம். எருமைப்பாலில் கொழுப்பு 7 பங்கு வரை இருப்பது இயல்பு; புரதமும் சற்றுக் கூடுதல்; சர்க்கரை பசும்பாலில் உள்ள அளவை ஒட்டியதே. கொழுப்பு நீங்கலாக உள்ள புரதம், சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவற்றை ஒன்று சேர்த்துப் பால் கொள்முதல் நிலையங்களில் 'இதர சத்து' என்பர். இதர சத்தில் பாதிக்கு மேற்பட்டது சர்க்கரையே என்பது பலர் கவனத்துக்கு வராத செய்தி. கரும்புச் சர்க்கரையைவிட இதற்கு இனிப்பு மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணமாகலாம்.

கொழுப்பு பிரியும் விதம்

கொழுப்பு பாலில் கரைந்து நிற்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துளிகளாக மிதந்து நிற்கிறது. பெரிய துளியின் குறுக்களவுகூட ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியதே. கொழுப்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.93, கொழுப்பு நீங்கிய பாலின் அடர்த்தி 1.035. இலேசான துளி மேலே எழ முயல்கிறது. காய்ச்சாத பாலை அசைக்காமல் ஓர் இரவு வைத்தால் மேலே ஏடு திரளுவது இதனாலேயே. துளி எழும் வேகம் அதன் குறுக்களவின் இருபடியைப் பொறுத்தது. அதாவது துளி பாதியளவானால் வேகம் கால் பங்காகிவிடும். எனவே பெரிய துளிகள் மேலே வந்து சேர்ந்தபின்னும் சிறியவை அடியிலேயே தங்கிவிடுகின்றன. தானே ஏடு படிய விடும் முறையில் கொழுப்பில் கணிசமான பகுதி கைக்கு எட்டாமற்போகும் காரணம் இதுவே.

புவியீர்ப்பு விசையைக் காட்டிலும் பல ஆயிரம் மடங்கு மிகுந்த விசையைச் சுழற்சியால் உண்டாக்கினால் இந்தத் தடை நீங்கும். 1878-இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டி லாவல் தொடர்ந்து இயங்கும் மையவிலக்குப் பிரிப்பானை உருவாக்கினார். சுழலும் கிண்ணத்தில் கனமான பால் வெளிப்புறம் ஒதுங்க, இலேசான ஏடு நடுவில் சேர்ந்து தனிக் குழாய் வழியே வெளியேறும். பின்னர் ஜெர்மானியரான பெக்டோல்ஷைம் கண்ட கூம்புத் தட்டுகள் அக்கிண்ணத்துள் அடுக்கப்பட்டன. தட்டுகளுக்கிடையே பால் மெல்லிய படலமாகப் பரவுவதால் துளி கடக்க வேண்டிய தொலைவு மிகவும் குறைந்தது. ஒரே கருவி பன்மடங்கு பாலைப் பிரிக்கலாயிற்று. இன்றைய ஆலைகளில் பாலை 40 முதல் 50 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கிப் பிரிக்கின்றனர். சூட்டில் பாலின் பிசுபிசுப்புக் குறைவதால் துளி எளிதில் நகரும். நல்ல பிரிப்பானிலிருந்து வெளிவரும் கொழுப்பு நீக்கிய பாலில் எஞ்சுவது 0.1 சதவீதக் கொழுப்புக்கும் குறைவு. கையால் சுற்றும் சிறு பிரிப்பான்கள் சிற்றூர்களிலும் புழக்கத்துக்கு வந்தன.

கடைதலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. தயிராகும்போதே சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உண்டு புளிப்பாக மாற்றிவிடுகின்றன. கொழுப்பு வெண்ணெயாகத் திரளுகிறது. மத்து கொழுப்பைப் பிரித்தது. உறைமோர் சர்க்கரையைக் குறைத்தது. பிரிப்பானோ கொழுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, சர்க்கரையும் புரதமும் குறையாத பாலை மறு குழாயில் விடுகிறது. அந்தப் பால் யாருக்கு, என்ன விலைக்கு என்பது அடுத்து எழுந்த பிரச்சினை.

அளவிடாமல் விலை இல்லை

கொழுப்பை எடுத்துவிட்டு விற்பது எளிது. நீர் கலப்பதும் எளிது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கண்டுபிடிப்பது கடினம். பால்மானி என்னும் மிதவைக் கருவி அடர்த்தியைத்தான் காட்டும். ஏட்டை எடுத்தால் பாலின் அடர்த்தி கூடும். நீர் ஊற்றினால் குறையும். அளவறிந்து இரண்டையும் செய்பவரின் பால், பால்மானியில் நல்ல பாலாகவே நிற்கும். நேர்மையாகப் பால் ஊற்றியவருக்கும் ஏமாற்றியவருக்கும் ஒரே விலை என்றால் தரமான மாடு வளர்ப்பதில் பொருளில்லை.

1890-இல் அமெரிக்காவில் ஸ்டீபன் பாப்காக்கும், சில ஆண்டுகளுக்குள் சுவிட்சர்லாந்தில் நிக்லாஸ் கெர்பரும் வகுத்த சோதனைகள் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தன. பாப்காக் தம் சோதனைக்குக் காப்புரிமை பெறாமல் பொதுவுக்கே விட்டுவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. இந்தியக் கிராமச் சங்கங்களில் நெடுங்காலம் வழங்கியது கெர்பர் முறையாகும். அளவுக் கழுத்துடைய கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி லிட்டர் கந்தக அமிலம், 10.75 மில்லி லிட்டர் பால், 1 மில்லி லிட்டர் அமைல் ஆல்கஹால் ஆகியவற்றை ஊற்றிக் குலுக்கினால், அமிலம் புரதத்தைக் கரைத்து கொழுப்பை விடுவிக்கும். குப்பியைச் சுழற்றினால் கொழுப்பு கழுத்தில் மேலேறும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே சதவீதம். பிரிப்பான் ஆயிரக்கணக்கான லிட்டரில் செய்வதையே இச்சோதனை ஒரு குப்பியளவில் செய்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத உற்பத்தியாளரும் தம் பாலின் கொழுப்பைத் தம் கண்ணாலேயே காண முடிந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் மீது ஊர் மக்கள் கொண்ட நம்பிக்கைக்கு இக்குப்பி ஆற்றிய பணி சிறிதன்று. இன்று பல சங்கங்களில் மின்னணுப் பகுப்பாய்வுக் கருவிகள் அந்த இடத்தைப் பிடித்துள்ளன.

ஆனால் கொழுப்பு மட்டும் அளக்கப்பட்டதால் கொழுப்புக்கு மட்டுமே விலை தரும் வழக்கம் நிலைத்தது. இதனால் பசு வளர்ப்போர் பாதிக்கப்பட்டனர். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு கிலோ கொழுப்புக்கு 600 ரூபாயும், ஒரு கிலோ இதர சத்துக்கு 400 ரூபாயும் மதிப்பு என வைத்துக்கொண்டால், 7 சதவீதக் கொழுப்பும் 9 சதவீத இதர சத்தும் உடைய 100 கிலோ எருமைப்பாலின் மதிப்பு 7,800 ரூபாய். 4 சதவீதமும் 8.5 சதவீதமும் உடைய 100 கிலோ பசும்பாலின் மதிப்பு 5,800 ரூபாய். இதர சத்தைக் கணக்கில் சேர்க்காமல், எருமைப்பாலுக்கு அதே 7,800 ரூபாயைக் கொழுப்பின் மீது மட்டும் ஏற்றித் தந்தால், ஒரு கிலோ கொழுப்பின் விலை ஏறத்தாழ 1,114 ரூபாயாகும். அந்த விலைக்குப் பசும்பால் ஊற்றியவர் பெறுவது 4,457 ரூபாய். அவருக்கு 100 கிலோவுக்கு 1,300 ரூபாய்க்கு மேல் இழப்பு. அவர் கொடுத்த புரதமும் சர்க்கரையும் வாங்கியவருக்கு இலவசம். கொழுப்பு, இதர சத்து ஆகிய இரண்டுக்கும் தனித்தனி விலை வைக்கும் இரட்டை அளவீட்டு முறை இக்குறையைப் போக்க வந்ததாகும். கலப்பினப் பசுக்கள் பெருகிய பகுதிகளில் இம்முறை இல்லாமல் பால் பெருக்கம் நிலைத்திருக்க முடியாது.

இம்முறையிலும் ஒரு சந்து உண்டு. இதர சத்து என்ற ஒரே தலைப்பில் புரதமும் சர்க்கரையும் அடங்குவதால், மலிவான கரும்புச் சர்க்கரையையோ குளுக்கோசையோ கரைத்து பால்மானி அளவை உயர்த்தும் கலப்படத்துக்கு அது இடம் தருகிறது. அதற்கெனத் தனிச் சோதனைகள் தேவைப்படுகின்றன.

பிரித்ததை மீண்டும் சேர்த்தல்

பிரிப்பதன் பயன் சேர்ப்பதில் வெளிப்பட்டது. எருமைப்பால் மிகுந்த இந்தியாவில் கொழுப்பு கூடுதல். நகர ஏழை மக்களுக்கோ அந்தப் பால் எட்டாத விலை. 1946-இல் பம்பாயில் தாரா குரோடி ஒரு வழியைச் செயல்படுத்தினார். எருமைப்பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் நீரையும் சேர்த்து, கொழுப்பை 3 சதவீதத்துக்கு இறக்கி, இதர சத்தைக் குறையாமல் காக்கும் முறையாகும் அது. 'டோன்டு' பால் என அறியப்பட்ட இதனையே தமிழில் சமன்படுத்தப்பட்ட பால் என்கிறோம். 3 சதவீதக் கொழுப்பு, 8.5 சதவீத இதர சத்து என்பது அதன் வரையறை. 7 சதவீதக் கொழுப்புள்ள 100 கிலோ எருமைப்பாலுடன் ஏறத்தாழ 11 கிலோ பவுடரும் 122 கிலோ நீரும் சேர்த்தால் 233 கிலோ சமன்படுத்தப்பட்ட பால் கிடைக்கும். நீர் கலப்பதென்றால் கலப்படம் என்றே எண்ணிய மக்களிடம் இதனை விளக்குவது எளிதாக இருந்திராது. ஆயினும் பவுடர் சேர்ப்பதால் புரதமும் சர்க்கரையும் குறைவதில்லை. பகிர்ந்தளிக்கப்படுவது கொழுப்பு ஒன்றே.

பவுடர் எங்கிருந்து வரும்? வெளிநாட்டுப் பவுடர் பசும்பாலிலிருந்து செய்யப்பட்டது. எருமைப்பாலைப் பவுடராக்க இயலாது என்ற கருத்தே அன்று நிபுணர்களிடையே நிலவியது. குஜராத்தில் 1946 டிசம்பரில் பதிவான கைரா மாவட்டக் கூட்டுறவு பால் உற்பத்தியாளர் ஒன்றியத்துக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்தது. பனிக்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும். பம்பாய் அவ்வளவு பாலையும் வாங்கிக்கொள்ளாது. உபரியைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் பிரிக்க முடிந்தாலன்றி உற்பத்தியாளரிடம் 'இன்று பால் வேண்டாம்' என்று சொல்வதைத் தவிர ஒன்றியத்துக்கு வேறு வழியில்லை. ஒன்றியத்தின் தொழில்நுட்ப அறிஞர் எச். எம். தலாயா எருமைப்பாலைத் தெளித்து உலர்த்திப் பவுடராக்கலாம் என்று நிறுவினார். 1955 அக்டோபர் 31 அன்று ஆனந்த் நகரில் பவுடர் ஆலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்ததும் இந்த வரிசையில் வருவதே. அங்கும் முதல் வேலை மிகுதிக் கொழுப்பை நீக்குவதாகும்.

1970-இல் தொடங்கிய 'வெள்ளப் பெருக்குத் திட்டம்' இதே கணக்கை நாடளாவிய அளவில் போட்டது. ஐரோப்பாவில் குவிந்து கிடந்த உபரியிலிருந்து 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் உலக உணவுத் திட்டத்தின் வாயிலாக நன்கொடையாகப் பெறுவதென முதற்கட்டத்தில் வகுக்கப்பட்டது. இவ்விரு எண்களையும் சற்று உற்று நோக்குவது நலம். பவுடர் மூன்று பங்கு, கொழுப்பு ஒரு பங்கு. பவுடரில் உள்ள சிறிதளவு ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், இது சமன்படுத்தப்பட்ட பாலில் இதர சத்துக்கும் கொழுப்புக்கும் உள்ள விகிதத்தை மிகவும் ஒட்டியிருக்கிறது. முழுவதையும் நீருடன் மீண்டும் சேர்த்தால் ஏறத்தாழ 14 லட்சம் டன் பால் ஆகும். ஐரோப்பாவில் பிரித்த பாலைப் பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை நகரங்களின் பால்பண்ணைகள் மீண்டும் பாலாக்கின.

நன்கொடையை இலவசமாகவோ மிக மலிவாகவோ பகிர்ந்திருந்தால் உள்நாட்டுப் பாலின் விலை விழுந்திருக்கும். பல நாடுகளில் உணவு உதவி விளைவித்த கேடு அதுவே. இங்கு நன்கொடைப் பொருள்களைப் பால்பண்ணைகளுக்கு விலைக்கே விற்று, வந்த பணத்தைக் குளிரூட்டும் நிலையங்கள், டாங்கர்கள், கிராமச் சங்கங்கள் ஆகியவற்றில் முதலீடு செய்தனர். இறக்குமதிப் பொருள்களைச் சார்ந்திருப்பதாக 1980-களில் இத்திட்டம் கடுமையாக விமரிசிக்கப்பட்டது, எல். கே. ஜா தலைமையிலான குழு 1984-இல் இதனை மதிப்பிட்டு அறிக்கை தந்தது. மூன்றாம் கட்டம் 1996-இல் முடிவுற்றது. 1998 முதல் உலகில் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா விளங்குகிறது. 2023-24-ஆம் ஆண்டின் உற்பத்தி ஏறத்தாழ 23 கோடியே 93 லட்சம் டன். விமரிசனத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் பவுடரும் கொழுப்பும் எந்த விலையில் பாலோடு சேர்கின்றன என்பதைக் கட்டுப்படுத்தியவர்கள் உற்பத்தியாளரின் விலையையும் காத்தனர் என்பதை மறுப்பதற்கில்லை.

சர்க்கரையின் நிலை

கொழுப்பைப் போலச் சர்க்கரையைச் சுழற்றிப் பிரிக்க இயலாது. அது நீரில் முழுவதும் கரைந்து நிற்கிறது. சுற்றியுள்ள பிறவற்றை ஒவ்வொன்றாக அகற்றி, இறுதியில் சர்க்கரையைப் படிகமாக்குவதே வழி. முதலில் கொழுப்பை எடுக்க வேண்டும். பின்பு பாலைத் திரித்து புரதத்தின் பெரும்பகுதியைக் கட்டியாக்க வேண்டும். எஞ்சும் பசுமஞ்சள் நிறத் தெளிநீரில்தான் சர்க்கரை இருக்கிறது. ஆலைகளில் இதனை 'வே' என்பர். நுண்துளைச் சவ்வுகளால் வடிகட்டினால் தெளிநீரில் மிஞ்சிய புரதம் ஒரு பக்கம் தங்க, சர்க்கரையும் உப்புகளும் மறுபக்கம் செல்லும். அதனை வெற்றிடத்தில் கொதிக்க வைத்து 60 சதவீதத் திடப்பொருள் வரும்வரை சுண்டச் செய்து, மெல்ல ஆற விட்டால் பால் சர்க்கரை படிகமாகிறது. 20 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 200 கிராம் கரும்புச் சர்க்கரையைக் கரைக்கும். பால் சர்க்கரையையோ 20 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கரைக்கும். இந்தக் குறைந்த கரைதிறனே பிரித்தலைச் சாத்தியமாக்குகிறது. இனிப்பேறிய கெட்டிப்பாலும் ஐஸ்கிரீமும் நாக்கில் மணல்போல் நெருடினால் அதற்கும் இதே குணம்தான் காரணம்.

இவ்வாறு பெறும் சர்க்கரைக்கு மாத்திரைத் தொழிலில் நிலையான தேவை உண்டு. மருந்தின் அளவு சில மில்லி கிராமே என்றாலும் மாத்திரைக்கு ஓர் உடல் வேண்டும். அவ்வுடல் பல வேளைகளில் பால் சர்க்கரையே. தாய்ப்பாலில் சர்க்கரை 7 சதவீதம் வரை இருப்பதால் குழந்தை உணவிலும் அதனைச் சேர்க்கின்றனர்.

உண்பவர் தரப்பிலும் ஒரு காரணம் உண்டு. குழந்தைப் பருவம் கடந்த பின் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பலருக்குக் குறைந்துவிடுகிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, போகிறது என்று அவர்கள் சொல்வது கற்பனையன்று. இவர்களுக்கெனச் சர்க்கரையைப் பிரித்தெடுப்பதைவிட, அந்த நொதியைப் பாலிலேயே சேர்த்து குளுக்கோசாகவும் கேலக்டோசாகவும் உடைத்துவிடுவதே ஆலைகளில் பெருவழக்கு. தயிர் இவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. நெய்யில் சர்க்கரை ஏறக்குறைய இல்லவே இல்லை.

வடிந்து போகும் தெளிநீர்

இந்தியாவில் தெளிநீரின் பெரும்பகுதி சீஸ் ஆலைகளிலிருந்து வருவதன்று. பன்னீரிலிருந்தும், வங்காள இனிப்புகளுக்கு மூலமான ச்சானாவிலிருந்தும் வருவதாகும். 1965-இல் பால் பற்றாக்குறையை முன்னிட்டு மேற்கு வங்க அரசு ச்சானா இனிப்புகளைத் தடை செய்தபோது, பால் இனிப்பாகிப் போகிறதே என்பதுதான் பேச்சாக இருந்தது. ச்சானாவாகாத மறுபாதி சாக்கடைக்குப் போவது பற்றி அவ்வளவு பேச்சில்லை. 100 கிலோ எருமைப்பாலிலிருந்து 20 கிலோ அளவுக்குப் பன்னீர் கிடைக்கும். எஞ்சும் தெளிநீரில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ சர்க்கரை உள்ளது. உற்பத்தியாளருக்கு இதர சத்து என்று விலை கொடுத்து வாங்கிய சர்க்கரைதான் அது.

அது வீணாவது மட்டுமன்று, கேடும் விளைவிக்கிறது. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு பெருகி, நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மீன் சாகும், நீர் நாறும். இதனை அளக்கும் உயிரிய ஆக்சிஜன் தேவை, தெளிநீரில் லிட்டருக்கு 30,000 முதல் 50,000 மில்லி கிராம் வரை உள்ளது. ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கு இந்தியாவில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட அளவு 30 மில்லி கிராம். சுத்திகரிக்காமல் நீர் ஊற்றித் தணிக்க முற்பட்டால் ஆயிரம் மடங்குக்கு மேல் நீர் வேண்டும்.

பெரிய ஆலைகளுக்கு வழி பிறந்துவிட்டது. சவ்வு வடிகட்டிகள் வைத்து தெளிநீர்ப் பவுடர் செய்கின்றனர். தெளிநீர்ப் புரதத்தைக் கூட்டுறவு நிறுவனங்களே இப்போது விற்கின்றன. இடர்ப்படுவது நாளொன்றுக்குச் சில நூறு லிட்டர் பாலைத் திரிக்கும் சிறு தொழில் கூடமும் மிட்டாய்க்கடையும் ஆகும். தெளிநீரில் நூற்றுக்கு 93 பங்கு நீர். அதனை ஊர் ஊராகச் சேகரித்து ஆலைக்கு எடுத்துச் செல்லும் செலவை அதிலுள்ள சர்க்கரை தாங்காது. மேலும் எலுமிச்சை உப்போ புளித்த நீரோ ஊற்றித் திரித்த பாலின் தெளிநீர் புளிப்பும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்தது. உலர்த்தினால் பிசினாக ஒட்டும், காற்றின் ஈரத்தை இழுக்கும். பாலைக் கிராமத்திலிருந்து சேகரித்த கூட்டுறவு முறையைத் தெளிநீருக்கும் அப்படியே பொருத்தலாம் என்ற யோசனை இதனால்தான் கணக்கில் தோற்கிறது.

சிறு கூடங்களுக்கு இடத்திலேயே பயன்படுத்துவதே ஏற்றது. வங்கத்து மிட்டாய்த் தொழிலாளர் முந்திய நாளின் புளித்த தெளிநீரைக் கொண்டே மறுநாள் பாலைத் திரிப்பதுண்டு. அமிலம் வாங்கும் செலவு மிச்சம். மாவு பிசையவும், குழம்புக்கு நீருக்குப் பதிலாகவும், பழச்சாறு கலந்த பானமாகவும் புதிய தெளிநீரைப் பயன்படுத்தலாம். ஆயினும் அன்றே பயன்படுத்த வேண்டும். வெயிற்காலத்தில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். மாட்டுத் தீவனத்தோடு சிறிது சிறிதாகப் பழக்கிக் கொடுக்கலாம். ஒரே நாளில் மிகுதியாகக் குடித்த மாட்டுக்கு வயிற்றில் அமிலம் மிகும். இவற்றுக்கும் மிஞ்சியதைச் சாணத்தோடு எரிவாயுக் கலத்தில் இடலாம். சிறு அளவில் தொடங்கிக் கூட்ட வேண்டும், இல்லாவிடில் கலம் புளித்து வாயு நின்றுவிடும். நாளொன்றுக்கு 500 லிட்டர் பாலைத் திரிக்கும் கூடத்தில் ஏறத்தாழ 400 லிட்டர் தெளிநீர் சேரும். பன்னீர்க் கூடம் அமைக்கக் கடன் வழங்கும் வங்கியும் உரிமம் தரும் அலுவலரும், பாலைக் காய்ச்சும் கொப்பரைக்கும் குளிர்பெட்டிக்கும் இடம் குறிப்பதுபோல, இந்த 400 லிட்டருக்கும் திட்ட அறிக்கையில் ஓர் இடம் கேட்கலாம். கலத்துக்கான செலவு தொடக்கத்திலேயே கடன் தொகையில் அடங்கிவிடும்.